வாசிக்கும் குரலுக்குத் திசை வைப்பது எப்படி?

நான் ஸ்க்ரீன் ரீடரில், அதாவது திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளில், படிப்பவன். நாடக வசனங்களைக் கேட்கும்போது யார் பேசுகிறார் என்பது அடிக்கடி குழம்பிவிடும். குரல் வரும் இடத்தை வைத்து ஆளைப் பிரிக்க, வலைப்பக்கம் எப்படி வெளிப்பட வேண்டும் என்று சொல்லும் ஸ்டைல்ஷீட்டிலேயே ஒரு வழி வகுத்திருந்தார்கள்.

ஸ்டைல்ஷீட் எழுதும் மொழி சிஎஸ்எஸ். 1998இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பான சிஎஸ்எஸ் 2, குரலின் திசையைக் குறிக்க 'அஸிமத்' என்ற பண்பைத் தந்தது. கேட்பவருக்கு நேர் முன்னே 0 டிகிரி. வலது காது 90, முதுகுப் பக்கம் 180, இடது காது 270. டிகிரிக்குப் பதில் சொல்லாகவும் எழுதலாம்: 'லெஃப்ட்' என்றால் 320, 'ரைட்' என்றால் 40. மேல் கீழுக்கு 'எலிவேஷன்', -90 முதல் 90 வரை.

கதைசொல்லியை 0இல் விடுங்கள். இரண்டு பாத்திரங்களையும் 320, 40இல் உட்கார வையுங்கள், அது போதும். 270க்கும் 90க்கும் வசனம் தாவிக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தலைவலி வந்துவிடும். மூன்றாவது ஆள் வந்தால் திசையை விட்டுவிட்டுக் குரலை மாற்றுவதே மேல். ஒருவர் பேசும் பகுதி முழுவதையும் சுற்றியிருக்கும் எலிமென்ட்டில் (பக்கத்தின் ஒரு பகுதியை அடைக்கும் குறியில்) திசையை எழுதினால், உள்ளே இருக்கும் பத்திகளுக்கும் அது தானாக வந்துசேரும்.

அஸிமத்துக்குத் தரக்கூடிய 'லெஃப்ட்வர்ட்ஸ்' என்ற மதிப்பிடம் ஜாக்கிரதை. வெளி எலிமென்ட்டிலிருந்து வந்த கோணத்தில் 20 டிகிரியைக் கழிப்பதுதான் அதன் வேலை. மேற்கோள்களுக்கு இதைக் கொடுத்திருந்தால், மேற்கோளுக்குள் மேற்கோள் வரும்போது இன்னொரு 20 போகும். குரல் ஏற்கெனவே முதுகுப் பக்கம் இருந்தால், பெயருக்கு இடப்பக்கம், காதுக்கு வலப்பக்கம்!

சிஎஸ்எஸ் 2.1 இதையெல்லாம் பின்னிணைப்பில் தள்ளிவிட்டது. பிறகு பேச்சுக்கென்றே வந்த சிஎஸ்எஸ் ஸ்பீச்சில் கோணம் கிடையாது. 'வாய்ஸ்-பேலன்ஸ்' மட்டும்தான், இடக்கோடி -100, வலக்கோடி 100. அதையும் வழக்கமான பிரவுசர்கள் கண்டுகொள்வதில்லை. இன்றே காதில் விழ வேண்டுமென்றால், வசனங்களை ஒலிக்கோப்புகளாக்கி, பிரவுசரில் ஒலியைக் கையாளும் வெப் ஆடியோவின் ஸ்டீரியோ பேனர் (ஒலியை இடமோ வலமோ நகர்த்தும் கருவி) வழியாக ஓட்டுங்கள். அங்கே அளவு இடக்கோடி -1 முதல் வலக்கோடி 1 வரை. நான் எந்தப் பக்கமும் 0.4ஐத் தாண்டுவதில்லை. பிரவுசரே பேசும் குரலை அதற்குள் நுழைக்க முடியாது, அதனால்தான் கோப்பு.

என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் ஒரே காதில்தான் இயர்போன் மாட்டுவோம். குக்கர் விசிலும் காலிங் பெல்லும் கேட்க வேண்டாமா? முழுக்க இடப்பக்கம் தள்ளிய வசனம், வலது காதில் மட்டும் மாட்டியவருக்குக் கேட்கவே கேட்காது. அதனால் பாத்திரத்தின் பெயரையும் வாசிக்க விடுங்கள். போனில் இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ ஆடியோவைப் போட்டுக்கொண்டு ஒரு காட்சி முழுவதும் கேளுங்கள். ஆள் குழம்பினால் திசையை நோண்டாதீர்கள், குரல்களை மாற்றுங்கள்.