கேட்டமரானைத் துறையில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஓடங்களை இணைத்த பாய்மரப் படகான கேட்டமரானில் புதிதாகப் பழகுபவர்கள் துறையை நெருங்குவதைக் கரையில் நின்று பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நான் செய்த அதே பிழைகள், அதே வரிசையில். மிதவைச் சட்டை அணிவது, முடிச்சுப் போடுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தருவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பின்காற்றில் பெரிய பாயோடு துறைக்கு வருவது

இதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்), படகு அதே திசையில் 8 நாட் என்றால், உடலில் படுவது 7 நாட் காற்றுதான். காற்று தணிந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது.

நானும் நம்பினேன். துறைக்கு 20 மீட்டர் இருக்கும்போது பாய்க்கயிற்றை முழுவதுமாக விட்டேன். வேகம் குறையவே இல்லை. வலது ஓடத்தின் மூக்கு மரத்தூணில் மோதிப் பிளந்தது. அந்தப் பருவம் முழுவதும் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் கிடந்தது.

காரணம் எளிது. பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் கேட்டமரானில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெரிய பாய் அவற்றில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் விலகாது. பாய்க்குள் செருகிய பட்டைகள் அதன் வளைவையும் கலையவிடாது. கயிற்றை விட்டாலும் பாய் காற்றை வாங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே துறைக்கு வெகு முன்பே, திறந்த நீரில், காற்றை எதிர்நோக்கித் திருப்பிப் பெரிய பாயை இறக்கிவிடுங்கள். முன்பாயோடு மட்டும் வாருங்கள். அது கம்பிகளுக்கு முன்னால் இருப்பதால், கயிற்றை விட்டதும் கொடிபோல் படபடத்து வலுவிழந்துவிடும். சில படகுகளில் பெரிய பாய் பாய்மர உச்சியில் ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். அதை விடுவிக்கும் விதத்தைக் கரையிலேயே கை பழகும்வரை செய்து பாருங்கள். தண்ணீரில் தடுமாறிக்கொண்டு கற்கிற வேலை அல்ல அது.

எதிர்காற்றில் சீக்கிரமே வேகத்தை விடுவது

எடை குறைந்த படகு இது. ஹோபி 16 என்ற கேட்டமரான் வகை ஏறத்தாழ 145 கிலோதான். அடிக்கட்டைப் பாரம் உள்ள படகைப்போல் வழுக்கிக்கொண்டு வராது, சட்டென்று நின்றுவிடும். நின்றால் சுக்கான் வேலை செய்யாது. பின்னோக்கி நகரத் தொடங்கினால் சுக்கானின் விளைவு தலைகீழாகும் என்பதை அப்போது நினைவில் வையுங்கள்.

சுக்கானைப் பாதி தூக்கி வைப்பது

கைப்பிடி இரும்பாகக் கனக்கும். கரையேறும்போது கடைசி நொடியில் முழுவதுமாகத் தூக்குங்கள்.

காலை நீட்டித் துறையைத் தடுப்பது

வேண்டாம். எலும்பு முறியும்.

கரை தொட்டதும் படகை விட்டுப்போவது

மணலில் நிற்கும் படகையும் காற்று புரட்டிவிடும். பெரிய பாயோடு கரையேற நேர்ந்தால், முதலில் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்புங்கள். ஒருவர் பாய்மரத்தை முன்பக்கம் தாங்கும் முன்கம்பியைப் பிடித்தபடியே இருக்கட்டும், மற்றவர் பாயை இறக்கி முடிக்கும்வரை.