வந்தவர் தரும் பைலைக் கடைக் கொம்பியூட்டரில் எப்படித் திறப்பது?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸ் பக்கம், டவுனில் என்று பிரிண்ட், போட்டோக்கொப்பி கடை வைத்திருப்பவர்களுக்கு இது. ஒரு நாளைக்கு எத்தனை பேரின் பென்ட்ரைவ் செருகுகிறீர்கள்! தெரியாத புரோகிராம் எதையும் ஓட்டுவதில்லை, அதனால் பயமில்லை என்று நினைக்காதீர்கள், வெறும் வேர்ட் பைலைத் திறந்தாலே போதும், வைரஸ் ஏறிவிடலாம்.

வேர்டில் சமன்பாடு எழுத முன்பு ஈகுவேஷன் எடிட்டர் என்று ஒன்று இருந்தது. பைலில் உள்ள எழுத்துருப் பெயர் எவ்வளவு நீளம் என்று பார்க்காமலே அதை மெமரியில் ஒதுக்கிய சின்ன இடத்துக்குள் கொப்பி பண்ணும். பெயர் நீண்டால் மிச்சம் வழிந்து, அடுத்து எந்தக் கட்டளைக்குப் போகவேண்டும் என்று குறித்து வைத்த இடத்தையே அழித்து எழுதிவிடும், அதன்பிறகு கொம்பியூட்டர் பைலைச் செய்தவன் சொன்னபடிதான் ஆடும். மக்ரோ, அதாவது பைலுக்குள் வைக்கும் சின்னப் புரோகிராம், கூடத் தேவையில்லை. 2017 நவம்பரில் மைக்ரோசொப்ட் இதைத் திருத்தியது, 2018 ஜனவரியில் அந்த எடிட்டரையே தூக்கிவிட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்த ஒபிஸ் 2010 இல் அது இன்றைக்கும் இருக்கும்.

சரி, செய்யவேண்டியது. பழைய ஒபிஸைக் கழற்றுங்கள், காசு இல்லையென்றால் லிப்ரே ஒபிஸ் இலவசம். சுருக்கிய பைலைப் பிரிக்கும் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. பழையது என்றால் இன்றைக்கே கடைசியாக வந்ததுக்கு மாற்றுங்கள், 2023 ஓகஸ்டில் வந்த 6.23க்கு முந்தியவற்றிலும் இதே மாதிரி மெமரி ஓட்டை இருந்தது. குரோம் தானாக அப்டேட் ஆகும், ஆனால் மூடித் திறந்தால்தான் புதியது வேலை செய்யும், கடையில் அதை யார் மூடுகிறார்கள்? காலையில் ஒருதரம் மூடித் திறவுங்கள்.

இன்னொன்று, இணையத்திலிருந்து இறக்கிய பைலை வேர்ட் பாதுகாப்புப் பார்வையில் (புரொடெக்டட் வியூ, வாசிக்க மட்டும் விட்டு அடைத்து வைப்பது) திறக்கும், பென்ட்ரைவில் வந்ததைப் பெரும்பாலும் அப்படித் திறக்காது. அதனால் பிடிஎப் ஆகக் கொண்டுவரச் சொல்லிக் குரோமிலேயே திறந்து பிரிண்ட் எடுங்கள், அது பைலைத் தனியாக அடைத்து வைத்துத்தான் திறக்கும். பாமினி எழுத்துருவில் அடித்தது கிறுக்கலாக வரும் தொல்லையும் பெரும்பாலும் போய்விடும் என்று சொன்னால் ஆட்களே கேட்பார்கள்.

அப்புறம், பிரிண்ட் எடுக்கும் கணக்கு அட்மின் கணக்காக இருக்கக்கூடாது. ஸ்கான் பண்ணிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எதையும் டெஸ்க்டொப்பில் விடாதீர்கள், ஆள் போனதும் அழித்துவிடுங்கள்.