தாத்தாவின் போர்க்கால ஸ்கெட்ச் நோட்டு கிடைத்தால் முதலில் ரப்பரை ஒளித்து வையுங்கள்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள், 1944-ல் பர்மா போர்முனையில் தாத்தா பென்சிலில் வரைந்த நோட்டு. கூடத்தில் தொங்கும் அவருடைய பெரிய படம், கோவேறு கழுதைகள் ஆற்றைக் கடப்பது, இதிலிருந்துதான் பிறந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் எதையும் அழிக்காதீர்கள். படத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள் சின்னப் படத்தைப் பெரிதாக்கப் போட்ட கட்டங்கள், சைன்போர்டு எழுதுகிறவர்கள் போடுவார்களே அதே கட்டம்தான். ஓரத்தில் 'சேறு, நடவு வயல் நிறம்' என்று கிறுக்கியிருந்தால், கையில் வண்ணம் இல்லாத சிப்பாய் நிறத்தை எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஒரே கழுதைக்காலை ஏழு தடவை வரைந்திருந்தால் ஏழும் வேண்டும். பக்கங்களைப் பிரிக்கவும் வேண்டாம், எது முன்னால் எது பின்னால் என்பது போய்விடும்.

அப்புறம் நோட்டையும் முடிந்த ஓவியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எதை எடுத்தார் எதை விட்டார் என்பது தெரியும். இடையில் வருஷங்கள் ஓடியிருக்கலாம். முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கிப் படையில் இருந்த ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ் களத்திலேயே நிறைய வரைந்தார், ஆனால் போரைப் பற்றிய அவருடைய 50 செதுக்கு அச்சுப் படங்கள் வந்தது 1924-ல்தான்.

லேமினேஷன் கூடவே கூடாது. நான் ஒரு தாளைக் கடையில் கொடுத்து, குமிழ் குமிழாக வாங்கி வந்தேன், இனி பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம்.

நம் பக்கம் பெரிய எதிரி ஐப்பசி, கார்த்திகை ஓதம்தான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். நமுத்திருந்தால் வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில் உலர்த்துங்கள். பென்சில் எதிர்ப்பக்கத்தில் ஒட்டாமலிருக்க இடையிடையே அமிலமில்லாத தாள் வையுங்கள், ஆர்ட் கடையில் ஆசிட் ஃப்ரீ என்று கேளுங்கள். ராமபாணப் பூச்சிக்கு, தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், லவங்கம், மிளகு, பட்டை எல்லாம் பொடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உண்டு. பெட்டி மூலையில் வைக்கலாம், தாளில் படக் கூடாது.

போட்டோவை ஃபிளாஷ் இல்லாமல், காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுங்கள். வெற்றுப் பக்கம், பின்னட்டை, அதில் போட்ட சம்பளக் கணக்கு, எல்லாவற்றையும் சேர்த்து.