சிம் இல்லாத இரண்டாவது போன்: எடுத்தது சிம்மை மட்டும்தான்

அந்தரங்கத்துக்கென்று தனியாக ஒரு போன், அதில் சிம் கிடையாது, வைஃபை மட்டும். நான் பல வருடங்களாக இப்படி ஒன்றை வைத்திருப்பது தெரிந்தவர்கள், தாங்களும் ஒன்றைத் தயார் செய்துகொண்டு வந்து "ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீட்டுகிறார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் அதே ஓட்டைகள். ஆரம்பத்தில் நானும் விட்டுவைத்திருந்த ஓட்டைகள்தான் அவை. ஸ்கிரீன் லாக் போடுங்கள், கண்ட லிங்க்கைத் தொடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன். கவனமாகச் செய்கிறவர்களும் சறுக்குகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

சிம்மை எடுத்தால் போன் டவரை மறந்துவிடும் என்று நினைப்பது

சிம்மை எடுத்ததும் போவது, உங்கள் பெயரில் இருக்கும் இணைப்பின் அடையாளம். கருவிக்கென்று உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண் அப்படியே இருக்கிறது. ரேடியோவும் அணைவதில்லை. சிம் இல்லாத போனின் திரையில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று வருகிறதல்லவா? பக்கத்து டவரைப் போன் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாக அந்த டவரில் அது தன்னைப் பதிவு செய்துகொள்வதில்லை. ஆனால் அருகில் எந்த டவர் இருக்கிறது என்பது உள்ளே ஓடும் மென்பொருளுக்குத் தெரியும்.

இது வெறும் சந்தேகம் இல்லை. இருப்பிடச் சேவையை அணைத்திருந்தாலும், சிம்மே போடாவிட்டாலும், ஆண்ட்ராய்டு போன்கள் பக்கத்து டவர்களின் அடையாளங்களைக் கூகுளுக்கு அனுப்பி வந்தது 2017 நவம்பரில் வெளியே வந்தது. கூகுள் அதை ஒப்புக்கொண்டு, நிறுத்திவிடுவதாகச் சொன்னது.

செய்ய வேண்டியது எளிது. முதலில் ஃபிளைட் மோடைப் போடுங்கள், பிறகு வைஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். மொபைல் ரேடியோ அணைந்திருக்கும், இணையம் வரும், பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும்.

இ-சிம்மைக் கவனிக்காமல் விடுவது

ஸ்லாட் காலியாக இருந்தால் போதாது; இ-சிம் என்பது கருவிக்குள்ளேயே இருக்கும் சிம், வெளியே தெரியாது. அப்படி ஏதும் இருக்கிறதா என்று செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

பழைய கணக்கில் 'ஒரே ஒரு தடவை' நுழைவது

மற்றதையெல்லாம் பிறகுகூடச் சரி செய்துகொள்ளலாம். இது அப்படி இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். போனை முதலில் இயக்கும்போது கணக்கு கேட்கும். அதைத் தவிர்க்கும் பொத்தான் ஓரத்தில் சின்னதாக இருக்கும். நம் ஆள் அதைத் தேடிப் பிடித்து அழுத்திவிடுவார். ஃபிளைட் மோடும் போட்டுவிடுவார். நான்கு நாள் கழித்து ஏதோ ஓர் ஆப் வேண்டியிருக்கும். ஸ்டோரைத் திறந்தால் கணக்கு இல்லாமல் தர மாட்டேன் என்கிறது. புதிதாக ஒன்று தொடங்கச் சோம்பல். 'ஓர் ஆப்தானே, இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்' என்று, பத்து வருடமாக வைத்திருக்கும் முதன்மைக் கணக்கின் பாஸ்வேர்டைத் தட்டுகிறார். அவ்வளவுதான். தொடர்பு எண்கள் இறங்கிவிடும், மெயில் வந்து நிற்கும், நாட்காட்டியும் கூடவே வரும். பிரவுசர், வரைபடம், வீடியோ ஆப் எல்லாம் இனி அந்தக் கணக்கின் பெயரில்தான் திறக்கும். உங்கள் கணக்கின் சாதனப் பட்டியலிலும் இந்த போனின் மாடல் பெயர் புதிதாக ஒரு வரியாக ஏறிவிடும். நீங்கள் கேட்டது ஓர் ஆப் மட்டும்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் தன் உடல்நலம் பற்றிய ஒரு விஷயத்தை, சொல்ல வேண்டிய நேரம் வரும்வரை வீட்டில் சொல்லாமல் இருக்க நினைத்தார். அதற்காகவே வாங்கிய போன். சிகிச்சையைப் பற்றி அதில்தான் தேடுவார், மருத்துவர்களின் வீடியோக்களை அதில்தான் பார்ப்பார். கொஞ்ச நாள் ஒழுங்காகப் போனது. பிறகு ஏதோ ஓர் ஆப்புக்காகப் பழைய கணக்கில் நுழைந்திருக்கிறார். வெளியே வர மறந்துவிட்டார். போனில் இருந்த வீடியோ ஆப் அந்தக் கணக்கைத் தானாகவே எடுத்துக்கொண்டது. வீட்டு டிவியிலும் அதே கணக்குதான். அந்த வாரக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து டிவியைப் போட்டபோது, அறுவை சிகிச்சைக்கு முன் என்ன சாப்பிடலாம், பின் எப்போது நடக்கலாம் என்று முதல் வரிசை முழுக்க அதே வீடியோக்கள். ஒன்றின் கீழே, எதுவரை பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் கோடு பாதி வரை ஓடியிருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் அவருடைய அம்மா, "இதை யார் பார்த்தது?" என்று கேட்டிருக்கிறார். எப்போது, எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்து வைத்திருந்தது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கையை விட்டுப் போய்விட்டது. எந்தத் திருட்டும் நடக்கவில்லை. கணக்கு தன் வேலையைத்தான் செய்தது.

சரி, கணக்கை உடனே நீக்கிவிட்டால்? போனில் இருந்து போய்விடும். நிறுவனத்தின் சர்வரில் பதிவானது போகாது.

போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தால்? கொஞ்சம் பலன் உண்டு. விளம்பர அடையாள எண் புதிதாகும், ஆப்களுக்குத் தெரியும் ஆண்ட்ராய்டு ஐடி மாறும். ஐஎம்இஐயைப் படிக்க ஆண்ட்ராய்டு 10 முதல் சாதாரண ஆப்களுக்கு அனுமதியும் இல்லை. ஆகவே ஆப் நிறுவனங்களுக்கும் விளம்பரக்காரர்களுக்கும் அது ஏறக்குறைய புதுப் போன். ஆனால் இயங்குதளத்தை நடத்துகிறவர்களுக்கு அப்படி இல்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத், ஆண்ட்ராய்டு போனும் ஐபோனும் தத்தம் நிறுவனங்களுக்கு என்னென்ன அனுப்புகின்றன என்று 2021இல் அளந்து பார்த்தார். சும்மா கிடக்கும் போன்கூட சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்புகொள்கிறது என்றும், அனுப்புவதில் ஐஎம்இஐயும் கருவியின் வரிசை எண்ணும் உண்டு என்றும் கண்டார். இந்த இரண்டு எண்களும் ரீசெட்டில் மாறாதவை. முன்பு உங்கள் கணக்கோடு வந்த அதே வரிசை எண் நாளை வேறு பெயரோடு வந்தால், இரண்டையும் பொருத்திப் பார்க்க அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை.

இதனால்தான் யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்கிறேன். வீட்டாரிடமிருந்து, ஆப்களிடமிருந்து, தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து என்றால், ரீசெட் செய்து புதுக் கணக்கோடு தொடங்கினால் போதும். கூகுளிடமிருந்தும் என்றால், நீங்கள் மூன்று வருடம் முதன்மைப் போனாக வைத்திருந்த கருவி அந்த வேலைக்கு ஆகாது. வேறு கருவி வேண்டும். கூகுளின் பிக்சல் வகைப் போனாக இருந்தால், அந்தரங்கத்துக்காக மாற்றியமைத்த ஆண்ட்ராய்டான கிராஃபீன்ஓஎஸ் போட்டுக்கொள்ளலாம். அதில் கூகுள் பிளே சேவைகளும் மற்ற ஆப்களைப் போல அடைத்து வைக்கப்பட்டிருக்கும், கருவியின் எண்கள் அதற்குக் கிடைக்காது.

ஆண்ட்ராய்டில் கணக்கே இல்லாமல் நிறையச் செய்யலாம். கணக்கு கேட்காத ஆப் ஸ்டோரான எஃப்-டிராய்டில் இருந்து திறந்த மூல ஆப்களை இறக்கிக்கொள்ளலாம். ஆப் இல்லாவிட்டால் பிரவுசரிலேயே அந்தத் தளத்தைத் திறங்கள். பாதித் தேவை அதிலேயே முடிந்துவிடும். ஐபோனில் ஆப் இறக்கக் கணக்கு கட்டாயம், அதனால் அங்கே புதுக் கணக்கு தவிர வழியில்லை. அந்தப் புதுக் கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது: மீட்பு மின்னஞ்சல், மீட்பு எண் என்று கேட்கும் இடத்தில் பழைய கணக்கையும் உங்கள் மொபைல் எண்ணையும் கொடுத்துவிட்டால், தனிக் கணக்கு தொடங்கிய உழைப்பு முழுக்க வீண். மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் வேண்டாம். முப்பது விநாடிக்கு ஒருமுறை எண் மாறும் அங்கீகார ஆப் ஒன்று போதும். அதற்கு சிம்மும் வேண்டாம், இணையமும் வேண்டாம்.

தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கொடுப்பது

கொடுக்காதீர்கள். உங்கள் அம்மா, நண்பர், அலுவலக எண் எல்லாம் சேர்ந்த பட்டியல் உலகத்தில் உங்கள் ஒருவரிடம்தான் இருக்கும். அதைப் பார்த்தவருக்கு உங்கள் பெயரே தேவையில்லை.

முதல் போனின் ஹாட்ஸ்பாட்டிலேயே ஓட்டுவது

சிம் இல்லாத போனுக்கு இணையம் எங்கிருந்து வரும்? முதல் போனின் ஹாட்ஸ்பாட்டில் இருந்து. எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். அப்போது இரண்டு போன்களும் வெளியே ஒரே ஐபி முகவரியோடு போகின்றன. எந்தத் தளத்தோடு தொடர்புகொள்கிறீர்கள் என்பது உங்கள் பெயரில் உள்ள இணைப்பின் கணக்கில்தான் சேரும். சிம்மை எடுத்து எதைத் தவிர்க்க நினைத்தீர்களோ, அது சுற்றி வந்து வாசலில் நிற்கும்.

முதல் போனில் விபிஎன் (இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டிருக்கிறேனே என்பார்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அந்த விபிஎன் ஹாட்ஸ்பாட் வழியாகப் போகும் போக்குவரத்தைத் தொடாது. விபிஎன்னை இரண்டாவது போனிலேயே போடுங்கள், அது துண்டித்தால் இணையமே நிற்கும்படி பூட்டும் அமைப்பையும் ஆன் செய்யுங்கள். அதற்குள்ளும் முதல் போனில் உள்ள கணக்கு எதையும் திறக்காமல் இருக்க வேண்டும்.

வைஃபையை அணைத்தால் ஸ்கேனும் நின்றுவிடும் என்று நம்புவது

ஆண்ட்ராய்டின் இருப்பிட அமைப்புகளுக்குள் 'வைஃபை ஸ்கேனிங்', 'ப்ளூடூத் ஸ்கேனிங்' என்று தனியாக இரண்டு இருக்கும். மேலே வைஃபையை அணைத்தாலும் இவை ஆன் ஆக இருந்தால் போன் சுற்றியுள்ள ரூட்டர்களைத் தேடிக்கொண்டே இருக்கும். அந்த ரூட்டர்களின் பட்டியலை வைத்தே ஜிபிஎஸ் இல்லாமல் இடத்தைக் கணிக்க முடியும். இரண்டையும் அணையுங்கள். ரூட்டர்களிடம் போன் காட்டும் தன் வைஃபை முகவரியை நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாற்றும் வசதி ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் இருக்கிறது. ஏதோ சிக்கல் என்று யாராவது அதை அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு அலைவது

15 லட்சம் பேரின் மொபைல் இருப்பிடத் தரவுகளை வைத்து 2013இல் வந்த ஓர் ஆய்வு, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் இருந்தால் 95 சதவீதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று காட்டியது. இரண்டு போன்களிலும் இருப்பிடம் பார்க்கும் ஆப்கள் இருந்து, இரண்டும் காலையில் ஒன்றாகக் கிளம்பி இரவில் ஒன்றாகத் திரும்பினால், இரண்டும் ஒருவருடையது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். இரண்டாவது போன் வீட்டில் கிடக்கட்டும். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் அணைத்து எடுத்துப் போங்கள்.

அலமாரியில் கிடந்த போனை எடுத்து ஓட்டுவது

பழைய போனை வீணாக்காமல் பயன்படுத்தும் எண்ணம் நல்லதுதான். ஆனால் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில்தான் உங்கள் ரகசியங்கள் முழுவதையும் வைக்கப்போகிறீர்கள். செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். அது ஒரு வருடத்துக்கு மேல் பழையது, இனி வரவும் வராது என்றால், அதை மின்னூல் படிக்கவும் இணையம் இல்லாமல் குறிப்பெழுதவும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதாக இருந்தால் கேமராவைப் பார்க்கும் முன் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று பாருங்கள். 2023இல் வந்த பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்று கூகுள் சொல்லியிருக்கிறது. மலிவான பல மாடல்களுக்கு அதில் பாதிகூட வருவதில்லை.

அவசர அழைப்புக்கு இதை நம்புவது

சிம் இல்லாமல் அவசர எண் சில நாடுகளில் போகும், சில நாடுகளில் போகாது. போனாலும் அவர்களால் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது. வெளியே கிளம்பும்போது சிம் உள்ள போன் கையில் இருக்கட்டும்.