பத்தடிக்குள் ஒரு பொருள், மூன்று டியூப், இருபது படம்

வீடியோ பார்த்து வாட்டர்கலர் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். கை ஓரளவு பழகிவிடும். ஆனால் தாளில் வருவதெல்லாம் யாரோ பார்த்த மலை, யாரோ பார்த்த ஏரி, நம் ஊரில் இல்லாத பைன் மரம். இதற்கு மருந்து இன்னும் நாற்பது வண்ணம் வாங்குவதில்லை, இருப்பதைக் குறைப்பதுதான்: பக்கத்தில் இருக்கும் ஒரே பொருளை, மூன்றே வண்ணத்தில், இருபது முறை வரைவது.

முதலில் பொருளைத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலும் வாசலிலும் தினமும் கண்ணில் படும் பத்துப் பொருள்களை, பார்க்காமல், நினைவிலிருந்து 2பி பென்சிலால் வரையுங்கள். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். தையல் மெஷின், ஆட்டுக்கல், கொடியில் காயும் வேட்டி, எதுவானாலும் சரி. பிறகு எழுந்துபோய் அசலோடு ஒப்பிடுங்கள். அளவு தப்பியிருக்கும், அது எல்லாருக்கும் தப்பும். எந்தப் படத்தில் மற்றவர் கண்ணில் படாத ஒரு விவரம் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறதோ, உதாரணமாக மெஷின் மிதியில் தேய்ந்துபோன இடது ஓரம், அதுதான் உங்கள் பொருள். அது அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பரோடாவில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டே ஓவியரான பூபேன் கக்கர் 1972-இல் வரைந்தது ஒரு வாட்ச் ரிப்பேர் கடையை.

காசை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பேப்பர். 300 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), நூறு சதவீதம் காட்டன், கோல்ட் பிரஸ்டு (cold pressed, லேசான சொரசொரப்பு உள்ளது). பேப்பர் மட்டமானால் எவ்வளவு நல்ல பிரஷ்ஷும் காப்பாற்றாது. 22 × 30 அங்குல முழுத் தாள் ஒன்றை நீளத்தில் நான்காகவும் அகலத்தில் நான்காகவும் வெட்டினால், 5.5 × 7.5 அங்குலத்தில் பதினாறு துண்டு கிடைக்கும். இருபது படத்துக்கு இரண்டு தாள் தாராளம். சின்னத் துண்டில் படம் கெட்டாலும் மனம் பதறாது. பயந்த கை வரையாது.

வண்ணம் மூன்றே டியூப்: அல்ட்ராமரின் ப்ளூ, பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர். நீலமும் சியன்னாவும் கலந்தால் சாம்பலிலிருந்து கறுப்பை ஒட்டிய நிறம் வரை வரும், கறுப்பு டியூப் வேண்டாம். நீலமும் ஓக்கரும் சேர்ந்தால் மங்கிய பச்சை. பளீரென்ற சிவப்பு வராது, வராமல் இருக்கட்டும். டியூபின் பின்புறம், உள்ளே என்ன நிறமி என்று சொல்லும் குறியீடு இருக்கும். ஒரே ஒரு குறியீடு மட்டும் உள்ளதை வாங்குங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று நிறமி கலந்த டியூபை இன்னொன்றோடு கலப்பதால்தான் படம் சேறாகிறது. பிற்பாடு சிவப்பு சேர்ப்பதானால் பி.ஆர். 83 என்று போட்ட அலிசரின் கிரிம்சனைத் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சத்தில் வெளிறிவிடும். பிரஷ் இரண்டு போதும்: ரவுண்ட் 6, ரவுண்ட் 10.

வண்ணம் தொடும் முன் 2 × 3 அங்குலக் கட்டத்தில் வெள்ளை, நடுச்சாம்பல், கறுப்பு என்று மூன்றே தொனியில் பென்சில் படம் ஒன்று போடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தொனி பிரிந்து தெரியும். இதைத் தவிர்ப்பவர்களின் படம்தான் எல்லாம் ஒரே சாம்பலாக, வெந்தும் வேகாத உப்புமா போல நிற்கிறது.

பிறகு மூன்று அடுக்கு. முதல் அடுக்கு நீர்மோர் பதம்: வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் ஓடவிடுங்கள். இரண்டாவது பால் பதம், நிழல்களுக்கு. கடைசி தயிர் பதம், நாலைந்து தீற்றலுக்கு மேல் வேண்டாம். காய்ந்ததும் வாட்டர்கலர் வெளிறும், ஆகவே ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்த பிறகு போதாது. ஓரத் துண்டில் தீற்றிக் காயவிட்டுப் பாருங்கள்.

அடுக்குகளுக்கு நடுவே பொறுமை போனால் காலிஃப்ளவர் பூத்துவிடும். தாளின் பளபளப்பு மறைந்து, இன்னும் ஈரம் இருக்கும் நேரத்தில் தண்ணீர் அதிகமுள்ள பிரஷ்ஷை வைத்தால், புதுத் தண்ணீர் நிறமியை ஓரத்துக்குத் தள்ளும். அதுதான் அந்தப் பூ. புறங்கையை வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறு: ஃபேன் காற்றில் விளிம்பு மட்டும் சட்டென்று காய்ந்து கோடு விழும். ஃபேனை நிறுத்திவிட்டு, தாளின் பின்புறத்தையும் ஈரமாக்கி ஒரு பிளாஸ்டிக் பலகைமேல் ஒட்டவைத்து வரையுங்கள்.

இருபதையும் ஒரே மாதிரி வரையாதீர்கள். முதல் சிலவற்றில் பொருளை உள்ளது உள்ளபடி. சலித்ததும் தரையில் உட்கார்ந்தோ நாற்காலிமேல் ஏறியோ கோணத்தை மாற்றுங்கள். பிறகு காலை ஏழு மணி வெயில், ராத்திரி டியூப்லைட். கடைசி ஐந்து, பொருளைப் பார்க்காமல். செல்போன் படத்தை நம்பாதீர்கள், நிழலுக்குள் இருக்கும் நிறத்தை அது கறுப்பாக்கிவிடும். தப்பினதையும் கிழிக்க வேண்டாம். கையெழுத்துப் பிரதியில் அடித்த வரிகளை உருவங்களாக இழைத்துத்தான் தாகூர் ஓவியத்துக்குள் வந்தார், முறையான பயிற்சி இல்லாமல். 1930-இல் பாரிஸில் கண்காட்சி வைத்தபோது வயது எழுபதை நெருங்கியிருந்தது.

ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி எழுதி, ஒரு மாதம் கண்ணில் படாமல் வையுங்கள். பிறகு இருபதையும் தரையில் பரப்பிப் பாருங்கள். நீங்கள் திட்டமிடாமலே திரும்பத் திரும்ப வந்திருப்பது எது? பொருளை ஓரத்துக்குத் தள்ளுவதா, மேலே வெற்றிடம் விடுவதா, நிழலை நீலமாக்குவதா? அதை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த இருபதில் வேண்டுமென்றே செய்யுங்கள்.

மிச்சப் பேப்பரை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பையோடு போட்டு மூடுங்கள். மழைக்கால ஈரத்தில் பேப்பரின் பசைப்பூச்சு கெட்டுவிட்டால் வண்ணம் அங்கங்கே திட்டுத்திட்டாக உறிஞ்சும், அந்தத் தாளை மீட்க முடியாது. சட்டம் போடுவதானால் நடுவில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொட்டால் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.