பாஸ்புக்கும் மாத்திரையும் ஒரே டப்பாவில்: அறுபதுக்கு மேல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கவுன்டரில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன் நான். பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் மஞ்சள் பைக்குள் கையை விட்டால் பாஸ்புக்கோடு ஒரு மாத்திரை அட்டையும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். கண்ணாடிக் கூடு, ரேஷன் கார்டு, பழைய ஈசிஜி தாள் எல்லாம் அதே பைக்குள் கிடக்கும். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது. ஓய்வு பெற்ற நாலாவது வருடம் என் வீட்டு பிஸ்கட் டப்பாவும் அதே கதிக்கு வந்துவிட்டது.

உடம்பு விஷயத்திலும் பண விஷயத்திலும் நாம் செய்கிற தவறுகள்கூட அப்படி ஒன்றாகத்தான் கிடக்கின்றன. “டாக்டர்கிட்ட இதையெல்லாமா கேக்கிறது”, “எதுக்குப் பிள்ளைங்களைத் தொந்தரவு பண்ணணும்” என்று யாரிடமும் சொல்லாமல் நாமே ஒரு முடிவெடுத்துவிடுகிறோம். நான் பார்த்ததும் நானே செய்ததுமாகச் சிலவற்றை எழுதுகிறேன்.

மாத்திரை விஷயம்

“பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?” என்று நிறுத்துபவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்தினால் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே ஏறும். பிரஷருக்கு வலி கிடையாது என்பதால் ஏறியது தெரியவும் தெரியாது. எழுந்தால் தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றால் அளவு உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். அப்போதும் டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு கூத்து உண்டு. வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளில் எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டுப் போவது. சுகர் மாத்திரையைச் சாப்பிடும் நேரம் வரை தள்ளிவைப்பது சரி. பிரஷர் மாத்திரையைப் பெரும்பாலும் ஒரு வாய் தண்ணீரோடு வழக்கம்போலப் போட்டுக்கொள்ளலாம். அதைப் போடாமல் போய், அங்கே அளவு ஏறிக் காட்டி, டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டி எழுதிவிட்டால் அப்புறம் யாரை நோவது? முந்தின நாளே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நான் செய்த தவறு. உள்ளூர் டாக்டர் ஒருவரிடம் பல வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். மகன் வற்புறுத்தியதால் வெளியூரில் இதய மருத்துவர் ஒருவரையும் பார்த்தேன். பழைய சீட்டை எடுத்துப் போகவில்லை. அவர் கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை எழுதினார். வீட்டில் ஏற்கெனவே அதே அட்டார்வாஸ்டாட்டின் வேறு கம்பெனி பெயரில் இருந்தது. இரண்டு மாதம் இரண்டையும் விழுங்கினேன். கால் தசையெல்லாம் வலி. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கண்டுபிடித்தது மருந்துக் கடைப் பையன். “சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்றான். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர், மருந்தின் பெயர் அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. தெரிந்த பிள்ளைகளை வைத்து ஒரு வெள்ளைத்தாளில் மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அந்தத் தாளை நீட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எது சாப்பிட்டாலும் அதுவும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

தைராய்டு மாத்திரை போடுபவர்களுக்கு வில்லன் காலை காபிதான். அந்த மாத்திரை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போக வேண்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கூடவே விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. மாத்திரை போட்டும் அளவு இறங்கவில்லையே என்று புலம்புகிற பலர் வீட்டில் டிகாக்ஷன் வாசனை ஐந்தரைக்கே வந்துவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி வேண்டும், நாலு மணி நேரம்.

இவற்றையெல்லாம்விட நான் பயப்படுவது விரத நாளைத்தான். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகளும் இன்சுலினும் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காது, சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். ஏகாதசி, சஷ்டி, கார்த்திகை என்று பட்டினி இருந்துகொண்டு மாத்திரையை மட்டும் கடமையாகப் போட்டால் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறும். பார்ப்பவர்கள் பக்தியில் வந்த மயக்கம் என்று விபூதி பூசுவார்கள். சர்க்கரை குறைந்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். சரியாகாவிட்டால் இன்னொரு முறை கொடுத்து, தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108தான். இந்த வகை மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்கும். அதனால் “இப்ப நல்லாயிட்டேன்” என்று எழுந்து உட்கார்ந்தவருக்கு மாலையில் மறுபடியும் இறங்கலாம், டாக்டரிடம் காட்டாமல் விடக் கூடாது. விரதம் இருக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றித் தருவார். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார், டாக்டரும்தான்.

முட்டி வலிக்கு மருந்துக் கடையில் “வலி மாத்திரை ரெண்டு குடுப்பா” என்று வாங்குவதும் சின்ன விஷயம் இல்லை. டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், நாள்பட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரஷர், சுகர் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அதேபோல, பிரஷருக்கு நல்லது என்று கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கும் அது ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். கேட்காமல் மாற்ற வேண்டாம்.

கண்புரை “முத்தட்டும்” என்று காத்திருப்பது நம் அப்பா காலத்துப் பழக்கம். இப்போது அதற்கு அவசியமே இல்லை. முற்ற விட்டால் ஆபரேஷன்தான் சிக்கலாகும். அதற்குள் மங்கிய கண்ணோடு படியில் தவறி விழுந்தால் இடுப்பெலும்பும் போகும்.

விழுவதைப் பற்றி ஒன்று மட்டும். பெரும்பாலும் இரவில், பாத்ரூம் போகிற அவசரத்தில்தான் விழுகிறோம். படுத்திருந்தவர் சடாரென்று எழுந்தால் பிரஷர் இறங்கும். பிரஷர் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை போடுபவர்களுக்கு இன்னும் அதிகமாக இறங்கும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். வழியில் ஒரு சின்ன லைட் எரியட்டும். இரவில் எழ வேண்டியிருக்கும் என்று பகலிலும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் அதுவே மயக்கத்தையும் நீர்க்கடுப்பையும் கொண்டுவரும். காலையிலிருந்து மாலை வரை நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கப் போவதற்கு முன் குறைத்துக்கொள்ளலாம். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு டாக்டர் சொன்ன அளவுதான் கணக்கு. ஒரு முறை விழுந்துவிட்டால் அதை மறைக்காதீர்கள். “பிள்ளைக்குத் தெரிஞ்சா தனியா இருக்க விட மாட்டான்” என்று என் அத்தை மூன்று மாதம் மறைத்தார். இரண்டாம் முறை விழுந்தபோது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பண விஷயம்

நான் பார்த்தவரை, கைக்கு ஒரே தவணையாகப் பெரிய தொகை வருகிற அந்த முதல் ஆறு மாதம்தான் ஆபத்தான காலம். கிராஜுவிட்டி, பி.எஃப். வந்த செய்தி நமக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். மாதம் இரண்டு வட்டி, மூன்று வட்டி என்று ஃபைனான்ஸ் காட்டுவார்கள். முதல் ஆறேழு மாதம் வட்டி மணியாக வரும், அதைப் பார்த்து மைத்துனரையும் சேர்த்துவிடுவோம். அப்புறம் ஒரு நாள் ஷட்டர் சாத்தியிருக்கும்.

வங்கியில் போட்டால்கூட ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் அது வெறும் 1 லட்சமாக இருந்தது. அதே வங்கியின் நாலு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் எல்லாம் ஒன்றாகத்தான் எண்ணப்படும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இந்தக் காப்பீடு உண்டு. கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கும் தனியார் ஃபைனான்ஸுக்கும் கிடையாது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைத் தபால் நிலையத்திலும் வங்கியிலும் போடலாம். 2023 ஏப்ரலில் இதன் உச்சவரம்பு 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாகவும், வட்டி 8.2 சதவீதமாகவும் உயர்ந்தது. புதிதாகப் போடுபவர்களுக்கான வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும். நீங்கள் போடும் நாளில் என்ன வட்டியோ அதுவே ஐந்து வருடமும் நிற்கும். 8.2 என்றால் 30 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய். இதில் பலர் செய்யும் தவறு, அந்த வட்டியை எடுக்காமல் விடுவது. எடுக்காத வட்டிக்கு வட்டி கிடையாது. சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி எழுதிக்கொடுத்துவிடுங்கள்.

என் பழைய தொழிலைப் பற்றியே ஒரு குறை சொல்ல வேண்டும். “எஃப்.டி.யை விட நல்ல ஸ்கீம் சார்” என்று வங்கிக்குள்ளேயே காட்டப்படுவது பல நேரம் இன்சூரன்ஸ் பாலிசி. வருடா வருடம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் போட்டதில் பாதிகூட வராமல் போகலாம். மேலிருந்து டார்கெட் அழுத்தும்போது எதிரில் இருப்பவருக்கு எழுபது வயது என்பது கண்ணுக்குத் தெரியாது. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். “இது டெபாசிட்டா, பாலிசியா? ஒரு தடவை கட்டணுமா, வருஷா வருஷமா?” இந்த இரண்டு கேள்வியையும் கேட்டுவிட்டு, தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஏமாந்து போட்டுவிட்டாலும் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போக மீதிப் பணம் வந்துவிடும்.

வீட்டை எழுதி வைப்பது இன்னொரு பெரிய சறுக்கல். உயில் வேறு, தான செட்டில்மென்ட் வேறு. உயில் நம் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானால் பொதுவாக அன்றைக்கே வீடு கை மாறிவிட்டது என்று பொருள். பத்திரம் எழுதுபவர் “இதுதான் சார் பிரச்னை இல்லாதது” என்பார். யாருக்குப் பிரச்னை இல்லாதது என்று கேளுங்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை நாம் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும், நம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்துவிட்டு அது மீறப்பட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் அங்கேயே வழக்கு இழுபறியாகிவிடும். “பெத்த பிள்ளைகிட்ட கண்டிஷனா?” என்று கூச்சம் வரத்தான் செய்யும். கூச்சப்பட்டு விட்டுவிட்டு, பிறகு தன் வீட்டுக் கதவையே மருமகளிடம் கேட்டுத் திறக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களைக் கவுன்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாமினி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பதும் அரைகுறைதான். வங்கி பணத்தை நாமினி கையில் கொடுக்கும், ஆனால் அது யாருக்குச் சொந்தம் என்பதை வாரிசுரிமையோ உயிலோதான் முடிவு செய்யும்.

கடைசியாக போன். “உங்கள் ஆதாரில் வந்த பார்சலில் போதைப்பொருள், மும்பை போலீஸ் பேசுகிறோம், டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது.” நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது, விசாரணைக்காகப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. அவர்கள் சொல்கிற முதல் வாக்கியத்தைக் கவனியுங்கள்: “வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்.” அது நமக்கு ஏற்கெனவே இருக்கிற பழக்கம்தானே? அதனால்தான் படித்த, பெரிய வேலை பார்த்தவர்கள்கூட இரண்டு நாள் அறைக்குள் பூட்டிக்கொண்டு எஃப்.டி.யை உடைத்து அனுப்புகிறார்கள். பணம் போய்விட்டால் அவமானம் பார்க்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் தகவல் போனால் முடக்க வாய்ப்பு உண்டு. நவம்பர் மாதத்தில் “உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும், இந்த லிங்கை அமுக்கவும்” என்று வருவதும் இதே குடும்பம்தான். சான்றை வங்கியிலோ, தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்தோ, போனில் ஜீவன் பிரமாண் செயலி வழியாகவோ கொடுக்கலாம். ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் உட்கார்ந்து அந்த வெள்ளைத்தாளை எழுதினோம். ஒரு பக்கம் இருவருடைய மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, டாக்டர் போன் நம்பர். மறு பக்கம் எந்த வங்கி, எந்தத் தபால் நிலையம், எப்போது முதிர்வு, நாமினி யார். பாஸ்வேர்டும் பின் நம்பரும் எழுதவில்லை. ஒரு நகல் பீரோக் கதவின் உள்பக்கம், ஒரு நகல் மகனுக்கு. எழுதி முடித்ததும் மனைவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாம் பக்கத்தை நிதானமாகப் படித்தாள்.

“ஏங்க, இந்த ஆர்.டி. எப்ப போட்டீங்க?”