மர வேலைக்கு ஃப்ரீ டிசைன் சாஃப்ட்வேர் செலக்ட் பண்றப்ப நான் பண்ணின, இப்ப நீங்களும் பண்ற தப்புங்க

போன வாரம் ஒரு தம்பி போன்ல படம் அனுப்பி "அண்ணா, டிசைன் எப்டி இருக்கு"ன்னு கேட்டாரு. புக் ஷெல்ஃப். பாக்க சூப்பரா இருந்துச்சு, நல்ல மர டெக்ஸ்சர், ஜன்னல் வழியா வெயில் சாஞ்சு விழுது, மேல் தட்டுல ஒரு குட்டி பூந்தொட்டி வேற. "நடு தட்டோட நீளம் எவ்ளோ தம்பி"ன்னு கேட்டேன். அரை மணி நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "ஒரு 30 இருக்கும்ணா"ன்னு வந்துச்சு. 30 இஞ்சா சென்டிமீட்டரான்னு கேட்டா அதுவும் அவருக்கு தெரியல. சிரிப்பா வந்துச்சு, கூடவே கடுப்பாவும் இருந்துச்சு, ஏன்னா அதே பூந்தொட்டிய அதே எடத்துல வச்சவன்தான் நானும்.

ஃபைல சேவ் பண்ணுங்க, பேக்கப் வைங்க, டுடோரியல் பாருங்கன்னு எல்லாம் நான் சொல்ல போறதில்ல. அது உங்களுக்கே தெரியும். தெரிஞ்சும் பண்ண மாட்டீங்க, அது வேற.

அழகா தெரியுதேன்னு எடுக்கறது

மேல சொன்ன தம்பி கதைதான். ரெண்டர், அதாவது போட்டோ மாதிரி அழகா காட்டற படம், அத பாத்து பலகை வெட்ட முடியாது.

3டி பிரிண்டிங்காரங்க சொன்னத அப்படியே எடுத்துக்கறது

டிங்கர்கேட் குழந்தைங்க கூட பத்து நிமிஷத்துல கத்துக்கற சாஃப்ட்வேர், பிளெண்டர் பெரிய கடல், ரெண்டுமே நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா பிளெண்டர் ஒரு மேசைய பாக்கற விதம் வேற. அதுக்கு மேசைங்கறது மேற்பரப்பு, முக்கோணம், புள்ளி. நமக்கு மேசைன்னா நாலு கால், நாலு சட்டம், ஒரு மேல் பலகை, ஆக மொத்தம் ஒம்போது பீஸ், ஒவ்வொண்ணுக்கும் நீளம் அகலம் தடிமன். ஒவ்வொரு பீஸும் தனித்தனியா நிக்கற மாதிரி, கிளிக் பண்ணா அதோட அளவு வர்ற மாதிரி இருக்கற சாஃப்ட்வேர் வேணும். ஸ்கெட்ச்அப்ல வரையறவங்களும் இதே குழில விழறாங்க, எல்லாத்தையும் ஒரே கட்டியா வரைஞ்சுட்டு அப்புறம் கால மட்டும் நகத்த போனா மேல் பலகையும் சேந்து இழுத்துக்கிட்டு வரும். ஒவ்வொரு பீஸையும் வரைஞ்ச கையோட காம்போனன்ட், அதாவது மத்ததோட ஒட்டாத தனி பீஸ் ஆக்கிடுங்க.

தடிமன் மாறினா என்ன ஆகும்னு பாக்காம எடுக்கறது

இதத்தான் விலாவாரியா சொல்லணும், ஏன்னா இன்னும் எனக்கு ஆறல.

ஒரு புத்தக அலமாரி வரைஞ்சேன். வெளி அகலம் 900 மிமீ, நிக்கற பலகை நாலு, அதுக்கு நடுவுல மூணு வரிசை, வரிசைக்கு நாலு தட்டு. 18 மிமீ பிளைவுட்னு நெனச்சு வரைஞ்சேன். நாலு பலகைக்கு 72 போச்சுன்னா மிச்சம் 828, மூணா வகுத்தா ஒரு தட்டு 276. மூணு நாள் ராத்திரி உக்காந்து வரைஞ்சது, கலர் எல்லாம் குடுத்து நிம்மதியா தூங்கினேன். மரம் வெட்டற அன்னிக்குதான் தோணுச்சு, ஏற்கனவே கைல ஒரு ஷீட் கெடக்கே, அதையே போடலாமேன்னு. அது 16 மிமீ. வெர்னியர் வச்சு பாத்தா 15.6 காட்டுது. பிளைவுட் எழுதியிருக்கற தடிமன்ல வராதுங்கறது எனக்கு தெரியும், அளந்து பாத்தேன், அதுவரைக்கும் புத்திசாலிதான்.

சரி, டிசைன்ல மாத்திடுவோம்னு உக்காந்தேன். நான் எடுத்திருந்த சாஃப்ட்வேர்ல ஒரு நம்பர மாத்தினா மத்ததெல்லாம் தானா மாறற வசதி கிடையாது, ஒவ்வொரு பலகையா கிளிக் பண்ணி தடிமன குறைக்கணும், குறைச்சதும் பக்கத்துல சந்து விழும், தட்ட நீட்டி அந்த சந்த மூடணும், அடுத்த வரிசைய நகத்தணும், அங்க மறுபடி சந்து. புது கணக்கு 900ல 62.4 போக 837.6, மூணா வகுத்தா 279.2. மொத வரிசை நாலு தட்டையும் மாத்தினேன், ரெண்டாவது வரிசையும் மாத்தினேன், அப்ப ஒரு போன் வந்துச்சு, பேசிட்டு வந்து பாத்தா படம் முழுசா சரியா இருக்கற மாதிரியே தெரியுது. 3 மிமீ சந்து ஸ்கிரீன்ல எங்க தெரிய போகுது. அளவெல்லாம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டு போய் வெட்டிட்டேன். மூணாவது வரிசை தட்டு நாலும் பழைய 276லயே வந்துடுச்சு. ஜோடிச்சு பாக்கறப்ப ரெண்டு வரிசை கச்சிதமா உக்காருது, மூணாவதுல தட்டு லொடலொடன்னு ஆடுது. 3.2 மிமீ பத்தல. வெட்டின பலகைய இழுத்து நீட்டவா முடியும்? நாலு தட்டுக்கு திரும்ப மரம் தேடணும், அதே ஷீட்ல மிச்சம் இல்ல, வேற ஷீட் எடுத்தா நெறம் ஒத்து போகாது.

தப்பு சாஃப்ட்வேரோடது இல்ல, போன் பண்ணினவரோடதும் இல்ல. அளவு மாறும்ங்கற ஒரு விஷயத்த யோசிக்காம சாஃப்ட்வேர் எடுத்தது நான். மர வேலைல அளவு மாறாத டிசைன்னு ஒண்ணு இருந்தா காட்டுங்க. நெனச்ச தடிமன்ல மரம் கெடைக்காது, வீட்ல "இன்னும் கொஞ்சம் ஒசரமா வேணும்"பாங்க, சுவர்ல வச்சு பாத்தா ஸ்விட்ச் இடிக்கும்.

இதுக்கு வேண்டியது பாராமெட்ரிக்னு சொல்றாங்களே அந்த வசதி. ஃப்ரீகேட்ல ஸ்ப்ரெட்ஷீட் இருக்கு, அதுல தடிமன்னு ஒரு கட்டத்துக்கு பேர் வச்சு 18ன்னு போட்டுட்டு, தட்டோட நீளத்துல நம்பர் போடாம கணக்க போடணும், அதாவது மொத்த அகலத்துல நாலு தடிமன கழிச்சு மூணால வகுக்கற கணக்கு. அப்புறம் 18அ 15.6 ஆக்கினா பன்னெண்டு தட்டும் ஒரே நேரத்துல மாறும். ஃப்யூஷன்ல பாராமீட்டர்ஸ்னு ஒரு டேபிள் இருக்கு, ஆன்ஷேப்ல வேரியபிள். பேர்தான் வேற, சங்கதி ஒண்ணுதான். ஸ்கெட்ச்அப் ஃப்ரீல இது கெடையாது, ஆனா காம்போனன்ட்டா காப்பி எடுத்திருந்தா ஒண்ண திருத்தினா மத்த காப்பியும் திருந்தும், பாதி கெணறு தாண்டலாம். அன்னிக்கு பன்னெண்டு தட்டையும் ஒரே காம்போனன்ட்டோட காப்பியா வச்சிருந்தா கூட தப்பிச்சிருப்பேன்.

ஃப்ரீகேட்ல ஒரு சிக்கல் இருந்துச்சு, அத மறைக்க கூடாது. பீஸோட ஒவ்வொரு பக்கத்துக்கும் சாஃப்ட்வேர் உள்ளுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கும், அளவ மாத்தினா அந்த நம்பர் மாறி போய், ஒரு பீஸ் மேல ஒட்டியிருந்த இன்னொண்ணு எங்கயோ பறந்து போகும். 2024 நவம்பர்ல வந்த 1.0 வெர்ஷன்ல இத பெரும்பாலும் சரி பண்ணிட்டாங்க. அதுக்கு முந்தின வெர்ஷன்ல மாட்டிக்கிட்டு வெறுத்து போனவங்க இன்னொரு தடவ பாக்கலாம். வுட்வொர்க்கிங்னே ஒரு தனி ஆட்ஆன் இருக்கு, பீஸ் லிஸ்ட் எடுத்து குடுக்கும்.

எத எடுக்கலாம்னு என்னை கேக்கறவங்களுக்கு நான் ஒரு வேலைதான் குடுப்பேன். மூடி இல்லாத ஒரு பொட்டி, அஞ்சு பீஸ், 18 மிமீ தடிமன். வரைஞ்சு முடிச்சுட்டு 12 ஆக்குங்க, வெளி அளவு மட்டும் மாற கூடாது. எத்தன எடத்துல கை வைக்க வேண்டி வந்துச்சுன்னு எண்ணுங்க. ஒரு எடம்னா எடுத்துக்கோங்க. ஏழு எடம்னா பெரிய அலமாரி எதையும் அதுல வரையாதீங்க.

ஃப்ரீன்னா எது வரைக்கும் ஃப்ரீன்னு பாக்காம இருக்கறது

ஸ்கெட்ச்அப் கம்ப்யூட்டர்ல இன்ஸ்டால் பண்ற ஃப்ரீ வெர்ஷன் 2017ஓட நின்னு போச்சு. இப்ப ஃப்ரீன்னா பிரவுசர்லதான், அதுல ஆட்ஆன் போட முடியாது. பழைய வீடியோ பாத்துட்டு "கட் லிஸ்ட் (வெட்ட வேண்டிய பீஸ் பட்டியல்) ஆட்ஆன் எங்கண்ணா காணோம்"னு கேக்கறவங்க இன்னும் வந்துக்கிட்டே இருக்காங்க. ஃப்யூஷனோட ஃப்ரீ வெர்ஷனான பர்சனல்ல ஒரே நேரத்துல எடிட் பண்ற நெலமைல 10 ஃபைல்தான் வைக்கலாம், 2020ல கொண்டு வந்த கட்டுப்பாடு, மத்தத பாக்க மட்டும்தான் முடியும், வேணும்னா ஒண்ண பாக்க மட்டும்ங்கற நெலமைக்கு மாத்திட்டு இன்னொண்ண எடிட் நெலமைக்கு கொண்டு வரணும். ஆன்ஷேப் ஃப்ரீல நீங்க வரையறது எல்லாம் ஊருக்கே தெரியும், மறைச்சு வைக்க முடியாது. பெரிய ரகசியம் எதுவும் நம்ம ஸ்டூல்ல இல்லதான், ஆனாலும் தெரிஞ்சுட்டு செய்யணும். நாளைக்கு வித்து காசு பாக்கலாம்னு யோசனை இருந்தா, பர்சனல் லைசென்ஸ் அத பத்தி என்ன சொல்லுதுன்னும் படிச்சுக்கோங்க.

மொத நாளே பாக்க வேண்டியது வெளிய போற வழி, அதாவது வரைஞ்சத வேற சாஃப்ட்வேருக்கு எடுத்துட்டு போற ஃபைல் வகை. 3டிக்கு ஸ்டெப் ஃபைலா எடுக்க முடியுதா, 2டிக்கு டிஎக்ஸ்எஃப் வருதா? 3டி பிரிண்டிங்குக்கு பயன்படுற எஸ்டிஎல் ஃபைல் மட்டும்தான் வரும்னா அத வழின்னு சொல்ல முடியாது. எஸ்டிஎல்ல வெறும் முக்கோணங்கதான் இருக்கும், மிமீயா இஞ்சான்னு கூட அதுல எழுதியிருக்காது. ஒருத்தர் அப்படி அனுப்பின ஸ்டூல தெறந்தா தீப்பெட்டி சைஸ்ல வந்து நிக்குது, 25.4ஆல பெருக்கினப்புறம்தான் ஸ்டூல் ஆச்சு.

அலை அலையா இருக்கற கோட்ட கண்டுக்காம விடறது

ஸ்கெட்ச்அப்ல அளவுக்கு முன்னாடி ~ இருந்தா அது துல்லியம் இல்ல, காட்டறதுக்காக முழுசாக்கின அளவு. பிரிசிஷன ஏத்தி வச்சு பாருங்க.

பிளேடு தின்றத சாஃப்ட்வேர் பாத்துக்கும்னு நெனைக்கறது

பாத்துக்காது. 2440 நீள ஷீட்ல 610ல நாலு பீஸ்னு ஸ்கிரீன்ல அழகா அடங்கும். மூணு வெட்டு, வெட்டுக்கு 3 மிமீ தூளா போகும், கடைசி பீஸ் 601தான் வரும். கட் லிஸ்ட் போடற சாஃப்ட்வேர்ல பிளேடு தடிமன் கேக்கற கட்டம் ஒண்ணு இருக்கும், அத சைபர்ல விட்டுடாதீங்க. பக்கத்துலயே பீஸ திருப்பலாமான்னும் கேக்கும். அத ஆன் பண்ணி விட்டா மரத்த மிச்சம் பிடிக்கறேன்னு ஒரு கதவுக்கு மர ரேகை நெட்டயும் இன்னொரு கதவுக்கு குறுக்கயும் போட்டு வச்சிடும்.

மரம் மூச்சு விடறதும் சாஃப்ட்வேருக்கு தெரியாது

எதுக்குமே தெரியாது, காசு குடுத்து வாங்கினதுக்கும் சேத்துதான். அகல பலகை ஈரத்துக்கு விரியும், காஞ்சா சுருங்கும், அதுக்கு இடம் விடறது உங்க வேலை.

எல்லாத்துக்கும் 3டிதான்னு அடம் பிடிக்கறது

வளைவா ஒரு டெம்ப்ளேட், அதாவது மரத்து மேல வச்சு வெட்டற பேப்பர் மாதிரி வேணும்னா இங்க்ஸ்கேப்ங்கற 2டி சாஃப்ட்வேர் போதும். ரெண்டு பலகை சுவர் தட்டுக்கு பேப்பர், பென்சில்.

டெம்ப்ளேட்ட அப்படியே பிரிண்ட் குடுக்கறது

பிரிண்டர் செட்டிங்ல ஃபிட் டு பேஜ்னு இருந்தா அது உங்கள கேக்காம சுருக்கிடும். 100 சதவீதம்னு மாத்துங்க, அதையும் நம்பாதீங்க, டெம்ப்ளேட் ஓரமா சரியா 100 மிமீல படுக்கையா ஒரு கோடு, நெட்டுக்குத்தா ஒரு கோடு வரைஞ்சு வைங்க, பேப்பர் வெளிய வந்ததும் மொதல்ல ஸ்கேல எடுத்து அந்த ரெண்டையும் அளங்க. 97ன்னு காட்டினா அந்த பேப்பர ரம்பம் இருக்கற ரூமுக்கே கொண்டு போகாதீங்க.